ஆயர்களின் வெள்ளிக் காசு: தராசும் சட்டமும்

சால்ஸ்பர்க் பேராயர் பாரிஸ் லோட்ரோன் காலத்துத் தாலர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 28.5 கிராம் எடை, நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடிய அகலம். ஒரு பக்கம் குழந்தையை ஏந்திய மாதா, மறுபக்கம் உப்புப் பாத்திரத்தோடு புனித ரூப்பர்ட். இந்த வகைக் காசை மூன்று பேர் வாங்குகிறார்கள். முதலாமவர் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில், ஒரு நாணயக் கடையில் வாங்குகிறார். இரண்டாமவர் சாலாக் ஆற்றுக்கு அக்கரையில், ஜெர்மனியின் ஃப்ரைலாசிங் ஊரில் உள்ள கடையில் வாங்குகிறார். மூன்றாமவர் ம்யூனிக்கில் நடந்த பொது ஏலத்தில் எடுக்கிறார். மூன்றும் யார் வீட்டிலிருந்தோ திருடப்பட்டவை என்று பிறகு தெரியவருகிறது. முதலாமவர் காசைத் தம்மிடமே வைத்துக்கொள்ளலாம். இரண்டாமவர் உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். மூன்றாமவர் வழக்கறிஞரைத் தேட வேண்டும்.

மூவரும் அறியாமல்தான் வாங்கினார்கள், மூவரும் முழு விலை கொடுத்தார்கள். ஆனாலும் எந்த ஊரில், எந்த வழியில் வாங்கினார்கள் என்பதைப் பொறுத்து அவர்களின் உரிமை மாறிவிட்டது. லத்தீன் வாசகங்களையும் குலச்சின்னங்களையும் கரைத்துக் குடித்த சேகரிப்பாளர்கள்கூட ஏல நிபந்தனைகளின் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஜெர்மனியிலோ ஆஸ்திரியாவிலோ சுவிட்சர்லாந்திலோ வசித்துக்கொண்டு இந்தப் பொழுதுபோக்கில் இறங்குபவர்களும், தமிழ்நாட்டில் இருந்தபடியே ஐரோப்பிய ஏலங்களில் விலை கேட்பவர்களும் அந்தப் பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும்.

முதலில் இந்த ஆயர்கள் யார் என்று பார்த்துவிடுவோம். புனித ரோமானியப் பேரரசில் சில ஆயர்கள் திருச்சபைத் தலைவர்களாக மட்டும் இருக்கவில்லை; தம் நிலப்பகுதிக்கு அரசர்களாகவும் இருந்தார்கள். வரி வாங்கினார்கள், படை வைத்திருந்தார்கள், சொந்த அக்கசாலையில் காசு அடித்தார்கள். சால்ஸ்பர்க், வூர்ட்ஸ்பர்க், பாம்பெர்க், ஐஷ்டெட், ம்யூன்ஸ்டர், பாசாவ், இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ், இன்றைய செக் நாட்டின் ஒலொமொவ்ட்ஸ் எனப் பட்டியல் நீளும். மைன்ஸ், கொலோன், ட்ரியர் பேராயர்களுக்குப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் இருந்தது. நெப்போலியன் காலக் குழப்பத்தில், 1803ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி இந்த ஆயர் அரசுகளில் பெரும்பாலானவை கலைக்கப்பட்டன. சால்ஸ்பர்க்கின் கடைசி அரச பேராயர் ஹிரோனிமஸ் கொலோரெடோ. மோட்சார்ட்டுக்குச் சம்பளம் கொடுத்து, அவரோடு மல்லுக்கட்டியவர் இவர்தான்.

அந்த வரிசை முடிந்துபோனது. இனி புதிதாக ஒரு காசும் வராது. சேகரிப்பாளர்களை இழுப்பது இதுதான். கதைக்கும் பஞ்சமில்லை. ஆயர் இறந்து, அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை பேராலயக் குருக்கள் குழுவே ஆட்சி நடத்தும். அந்த இடைக்காலத்தில் குழுவின் பெயரில் அடித்த காசுகளைச் 'செடே வகாந்தே' காசுகள் என்பார்கள். எண்ணிக்கையில் குறைவு, விலையில் அதிகம். 1661இல் ம்யூன்ஸ்டர் நகரத்தைப் பணியவைத்த ஆயர் கிறிஸ்டோஃப் பெர்ன்ஹார்ட் ஃபொன் காலன், அந்த வெற்றியைத் தாலரிலேயே பொறித்து வெளியிட்டார். பிரெஞ்சுப் படை நெருக்கியபோது ஐஷ்டெட் ஆயர் அரண்மனை வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி 1796இல் தாலர் அடித்தார். நாட்டின் தேவைக்காகப் பாத்திரங்கள் உதவின என்று அந்தக் காசே சொல்கிறது. இப்படிப்பட்ட கதை ஒட்டிக்கொண்ட காசுகளைத்தான் போலி செய்பவர்களும் விரும்புகிறார்கள்.

போலியைப் பிடிக்க முதல் கருவி தராசு. 1566ஆம் ஆண்டுப் பேரரசு விதிப்படி, சுமார் 233.8 கிராம் கொண்ட ஒரு கொலோன் மார்க் தூய வெள்ளியிலிருந்து ஒன்பது தாலர். அதாவது ஒரு தாலரின் எடை 29.23 கிராம், அதில் வெள்ளி 25.98 கிராம். 1753இல் வந்த உடன்படிக்கைத் தாலரில் அதே மார்க்கிலிருந்து பத்து, எடை 28.06 கிராம், வெள்ளி 23.39 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையும். அக்காலத்தில் அடித்தபோதே கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. ஆனால் 24 கிராமில் ஒரு தாலர் வந்தால் விற்பவர் காரணம் சொல்ல வேண்டும். அடுத்தது அடர்த்தி. நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு எடைபோட்டால் வீட்டிலேயே கணக்கிடலாம். 1566 தரத்துக்கு ஏறத்தாழ 10.3, 1753 தரத்துக்கு 10.2 வர வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த வெள்ளைக் கலவை 9ஐத் தாண்டாது. காந்தம் ஒட்டினால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

ஆனால் உலோகச் சோதனையை மட்டும் நம்பினால் 1619 முதல் 1623 வரையான காலம் ஏமாற்றிவிடும். முப்பதாண்டுப் போரின் தொடக்கத்தில் ஜெர்மன் அரசுகள் போட்டி போட்டுக்கொண்டு சில்லறைக் காசின் வெள்ளியைக் குறைத்தன. நல்ல காசைத் தராசில் பொறுக்கியெடுத்து உருக்கி, செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு பூசிய காசாகத் திருப்பி விட்டார்கள். 'கிப்பர், விப்பர்' காலம் என்று இதைச் சொல்வார்கள். சில ஆயர்களின் அக்கசாலைகளும் இதில் கைநனைத்தன. ஒன்றரை குல்டனுக்கு மாறிய நல்ல தாலர், 1622இல் தெற்கு ஜெர்மன் நகரங்களில் பத்து குல்டனைத் தாண்டியது. கூலிக்காரன் வாங்கிய சம்பளம் சந்தைக்குப் போவதற்குள் செம்பாகிவிட்டது. ஆகவே 1622 என்று பொறித்த 24 கிராய்ட்சர் சில்லறைக் காசு சிவந்து தெரிந்தால், அது பழைய அரசாங்க மோசடியின் உண்மையான சான்றாக இருக்கலாம். அதே ஆண்டுத் தாலர் சிவந்தால் போலியோ என்று சந்தேகப்பட வேண்டும். எந்த மதிப்புக் காசு, எந்த ஆண்டு என்பது தெரியாமல் உரைகல்லில் உரசுவதில் பயனில்லை. போதாக்குறைக்கு உரசிய கீறல் விலையையும் குறைத்துவிடும்.

போலிகளில் வார்ப்புதான் பழைய முறை. நல்ல காசை அச்சாக வைத்து வார்ப்பார்கள். எழுத்தின் ஓரங்கள் மழுங்கியிருக்கும், மேற்பரப்பில் ஊசித்துளைகள் இருக்கும், விளிம்பில் ஒட்டுத் தெரியும். மின்பூச்சு முறையில் இரண்டு ஓடுகளைத் தனித்தனியே செய்து ஒட்டுவதும் உண்டு. விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு ஓடும், தட்டினால் ஒலி மந்தமாகக் கேட்கும். இன்றைய ஆபத்து, நவீன அச்சில் அழுத்தி எடுக்கும் போலி. இதற்கு எடையும் சரியாக இருக்கும், வெள்ளியும் சரியாக இருக்கும். இதைப் பிடிக்க ஒரே நல்ல வழி ஒப்பிடல். இரண்டு வெவ்வேறு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே பள்ளம், ஒரே கீறல் இருந்தால் இரண்டும் ஒரே தாய்க்காசிலிருந்து பிறந்த பிள்ளைகள். பழைய ஏலப் படங்களின் தொகுப்புகளும், பெர்லின் நாணயக் காப்பகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் பட்டியலும் இதற்காகவே உதவும்.

போலி செய்வது புதிய தொழிலும் அல்ல. கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) என்பவர் பழங்காசுகளுக்குத் தாமே அச்சு வெட்டி ஐரோப்பியச் சேகரிப்பாளர்களை ஏமாற்றியவர். புதிதாக அடித்த காசுகளை இரும்புத் தூளோடு பெட்டியில் போட்டு, குதிரை வண்டியில் கட்டி ஊர் சுற்றித் தேயவைப்பார் என்று சொல்வார்கள். அவருடைய அச்சுகள் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இனி நினைவுப்பொருள்கள். சால்ஸ்பர்க் பேராயர் லெயோன்ஹார்ட் ஃபொன் கொய்ட்ஷாக்கின் குலச்சின்னம் ஒரு கிழங்கு. 1504இல் அந்தக் கிழங்கோடு அடித்த தாலர் மிக அரியது. அதைப் பார்த்துச் செய்த நினைவுப் பதிப்புகள் ஏராளம். கடையில் விற்கும்போது அவை குற்றமற்றவை. இரண்டாம் கையில், மூன்றாம் கையில் மாறும்போது 'தாத்தாவின் பெட்டியில் கிடந்தது' என்ற கதை முளைத்துவிடும்.

இதில் ஒரு சட்ட நுணுக்கம் உண்டு. கள்ளப் பணத்துக்கு எதிரான ஜெர்மன் தண்டனைப் பிரிவு செல்லுபடியாகும் பணத்தைத்தான் காக்கிறது. 1803க்கு முந்தைய ஆயர் காசைப் போலியாகச் செய்வது அந்தப் பிரிவில் வராது. போலியை அசல் என்று சொல்லி விற்றால் மோசடிக் குற்றம் ஆகும். எனவே வாங்கியவர் நிரூபிக்க வேண்டியது 'இது போலி' என்பதை மட்டும் அல்ல, 'இதை அசல் என்று சொல்லி விற்றார்' என்பதையும்தான். வாய்ப்பேச்சை நம்பாமல் ரசீதில் 'அசல்' என்று எழுதி வாங்கச் சொல்வது இதனால்தான்.

சில நூறு யூரோ விலையுள்ள தாலர்களில், என் கணிப்பில், முழுப் போலியைவிடப் பெரிய ஆபத்து பழுதுபார்த்த அசல். பவேரியாவிலும் ஆல்ப்ஸ் மலை ஊர்களிலும் மாதா உருவம் கொண்ட தாலர்களை வளையம் பற்றவைத்து, நம்மூர்க் காசுமாலை போலச் சங்கிலியில் கோத்து அணிந்தார்கள். ஆண்களின் தோல் காற்சட்டையில் தொங்கும் சங்கிலியில் இன்றும் பார்க்கலாம். பிறகு யாரோ அந்த வளையத்தை அறுத்து, ராவி, மெருகேற்றி, காசைச் சந்தைக்கு அனுப்பிவிடுகிறார்கள். விளிம்பின் மேல்புறத்தில், பன்னிரண்டு மணி இடத்தில், ஒரு சிறு தட்டையோ நிறமாற்றமோ இருந்தால் சந்தேகப்படுங்கள். ஓட்டை போட்டு அணிந்ததை வெள்ளி அடைத்து மறைப்பதும், கீறல் விழுந்த வெற்றிடத்தைச் சுரண்டி வழவழப்பாக்குவதும் இதே ரகம். காசு அசல்தான், விலை மட்டும் பாதிக்கும் கீழே போயிருக்கும்.

ஜெர்மன் ஏலப் பட்டியல்கள் இவற்றை ஒளிப்பதில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. 'ஹெங்கல்ஷ்பூர்' என்றால் வளையம் இருந்த தடம். 'கெலொக்ட்' ஓட்டை, 'கெஷ்டோப்ஃப்ட்' அடைத்த ஓட்டை, 'கெபுட்ஸ்ட்' துலக்கியது, 'ராண்ட்ஃபெலர்' விளிம்புக் குறை, 'நாக்ப்ரேகுங்' பிற்கால மறுபதிப்பு. தரத்தில் 'ஜேர் ஷோன்' என்பதற்கு 'மிக அழகு' என்று அகராதி சொன்னாலும், சந்தையில் அது நன்றாகப் புழங்கித் தேய்ந்த நடுத்தரம்தான். அதற்கு மேல் 'ஃபோர்சூக்லிஷ்'. பட்டியலில் அச்சாகிவிட்ட குறையைப் பிறகு குறையென்று சொல்லித் திருப்ப முடியாது. மொழி தெரியாது என்ற வாதமும் எடுபடாது.

குறைபோலத் தோன்றும் சிலவற்றுக்குப் பயப்படவும் தேவையில்லை. சால்ஸ்பர்க்கில் உருளை இயந்திரத்தில் தகட்டை நுழைத்துக் காசு அடித்த காலம் உண்டு. அந்தக் காசுகள் சற்று வளைந்தும் நீள்வட்டமாகவும் இருக்கும். 'யுஸ்டியர்ஷ்பூரன்' என்று பட்டியல் சொல்வது, எடை கூடிய தகட்டை அக்கசாலையிலேயே அரத்தால் ராவிய கோடுகள். இவை அசலின் பிறப்பு அடையாளங்கள். அளவெடுத்த வட்டமாக, கோடே இல்லாமல் இருப்பதைக் கண்டால்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி சட்டத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை ஆணைப்படி, வணிகரிடமிருந்து இணையம், தொலைபேசி, அஞ்சல் வழியாக வாங்கிய நுகர்வோர், பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாள்களுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம். இந்த உரிமையை வணிகர் முறைப்படி தெரிவிக்காவிட்டால் காலக்கெடு மேலும் 12 மாதம் நீளும். ஆனால் காசைத் துலக்கிவிட்டோ, தரச்சான்று நிறுவனத்தின் பிளாஸ்டிக் உறையை உடைத்துவிட்டோ திருப்பினால் மதிப்பிழப்பை நீங்கள் ஏற்க வேண்டிவரும். கடைக்கு நேரில் போய் வாங்கினால் இந்த உரிமை கிடையாது. கடைக்காரர் மனம்வைத்தால் உண்டு.

ஏலத்தில் இது தலைகீழ். நேரில் வந்து கலந்துகொள்ள இடம் தரும் பொது ஏலங்களுக்கு அந்த 14 நாள் பொருந்தாது. நீங்கள் சென்னையிலோ சூரிச்சிலோ உட்கார்ந்து கணினியில் விலை கேட்டிருந்தாலும் அது பொது ஏலம்தான். பழைய பொருள்களைப் பொது ஏலத்தில் விற்கும்போது நுகர்வோருக்கான சிறப்புப் பாதுகாப்புகள் பலவற்றை ஜெர்மன் சட்டப்படி விலக்கவும் முடியும். அதைத் தெளிவாகத் தெரிவித்திருக்க வேண்டும், அவ்வளவே. மாறாக, அரங்கமே இல்லாமல் இணையத்தில் மட்டும் நேரம் குறித்து நடக்கும் 'ஏலம்' சட்டத்தின் கண்ணில் பொது ஏலம் ஆகாது. விற்பவர் வணிகராக இருந்தால் 14 நாள் உரிமை உண்டு. இரண்டு திரைகளும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், சுத்தியல் ஒலியோடு. விலை கேட்பதற்கு முன் நிபந்தனைகளில் இது எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏல நிறுவனத்தின் கழிவு கேட்ட விலைக்கு மேல் 20, 25 சதவீதம் வரை போகும் என்பதையும் அதே பக்கத்தில் பார்க்கலாம்.

தனிநபரிடம் வாங்கும்போது 'பொறுப்பேற்பு இல்லை, திரும்பப் பெறுவதில்லை' என்ற வரி வழக்கமாக இருக்கும். அது செல்லும். ஆனால் அதே விளம்பரத்தில் 'அசல் தாலர்' என்றும் எழுதியிருந்தால் கதை வேறு. இணைய ஏலத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிள் ஓடிய தூரம் பொய்யென்று வந்த வழக்கில், உறுதியாகச் சொன்ன தன்மையைப் பொதுவான பொறுப்புத்துறப்பு விழுங்க முடியாது என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2006இல் தீர்ப்பளித்தது. காசுக்கும் அதே தர்க்கம்தான். தெரிந்தே மறைத்திருந்தால் எந்தத் துறப்பும் காக்காது. விளம்பரத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்ற மறுநாள் அது மறைந்துவிடும்.

திருட்டுப் பொருளுக்கு வருவோம். ஜெர்மன் சட்டத்தில் திருடப்பட்ட பொருளை நல்லெண்ணத்தோடு வாங்கினாலும் உரிமை கிடைக்காது. பணம், பொது ஏலத்தில் விற்றவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. 'காசுதானே, பணம்தானே' என்று ஒருவர் வாதிட்டுப் பார்த்தார். சேகரிப்புக்கென்றே வெளியிட்ட, புழக்கத்துக்கென அமையாத காசு சட்டப்படி செல்லுபடியானதாகவே இருந்தாலும் இந்த விலக்குக்கு அது பணம் ஆகாது என்று 2013இல் அதே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஃப்ரைலாசிங் வாங்குநர் இழப்பது இதனால்தான். ஏல அரங்கில் வாங்கியவருக்கு ஒரு காலத்தில் உறுதியான கவசம் இருந்தது. 2016இன் பண்பாட்டுச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம், திருட்டுப்போன, சட்டவிரோதமாகத் தோண்டிய பண்பாட்டுப் பொருளைச் சந்தைக்கு விடுவதையே தடைசெய்து, அப்படிச் செய்த ஒப்பந்தங்களையும் செல்லாதவை ஆக்கியது. கவசத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. ஆற்றுக்கு இக்கரையில், ஆஸ்திரியப் பொதுச் சிவில் சட்டத்தின் 367ஆம் பிரிவு, முறையான வணிகரிடம் வழக்கமான வியாபாரத்தில் நல்லெண்ணத்தோடு விலைகொடுத்து வாங்கியவரைக் காக்கிறது. அந்த நல்லெண்ணத்துக்கு ரசீதுதான் சாட்சி.

ஆஸ்திரியாவில் இன்னொரு ஆயுதமும் இருக்கிறது. கொடுத்த விலையில் பாதிக்கும் குறைவான மதிப்புள்ள பொருளைப் பெற்றவர், மூன்று ஆண்டுக்குள் ஒப்பந்தத்தை ரத்துசெய்யக் கோரலாம். ஏமாற்றியதாக நிரூபிக்கத் தேவையில்லை. கணக்கு மட்டும் போதும். அசல் என்று நினைத்து 400 யூரோ கொடுத்த தாலர் 30 யூரோ பெறும் வார்ப்பென்றால் இது சரியாகப் பொருந்தும். ஆனால் 'இந்தப் பொருளின் மேல் எனக்குள்ள தனி விருப்பத்தால் அசாதாரண விலைக்கு வாங்குகிறேன்' என்று வாங்கியவரே அறிவித்திருந்தால் இந்த உரிமை போய்விடும். ஆசையைச் சொல்லாத சேகரிப்பாளர் உண்டா? கடைக்காரரிடம் வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் உருகுங்கள். அப்படி ஒரு வரி அச்சிட்ட தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சுவிட்சர்லாந்தில் வாழும் தமிழர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். அங்கே இணையக் கொள்முதலுக்குப் பொதுவான 14 நாள் திரும்பப்பெறும் உரிமை சட்டத்தில் இல்லை. விற்பவர் தாமாகத் தந்தால்தான். பொருள் வந்ததும் சோதித்து, குறையிருந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள். கூர், சியோன், பாசல் ஆயர்களின் காசுகள் உள்ளூர்ச் சந்தையிலேயே கிடைப்பதால் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல.

மண்ணிலிருந்து வந்த காசுகள் தனிக் கதை. முப்பதாண்டுப் போரில் புதைத்துவிட்டு ஓடியவர்களின் பானைகள் இன்னும் கிடைக்கின்றன. பவேரியாவில் 2023 ஜூலை 1 முதல் தொல்லியல் புதையல் அரசுடைமை. ஜெர்மனியில் கடைசியாக இந்த விதிக்கு வந்த மாநிலம் அது. ஆஸ்திரியாவில் கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பாதிப் பாதி என்பது பழைய விதி. ஆனால் தொல்பொருள் தேடி உலோகங்காட்டியோடு கிளம்ப அனுமதி வேண்டும். மண் ஒட்டிய தாலர்களைக் கொத்தாக, மலிவாக, ரசீதில்லாமல் ஒருவர் நீட்டினால் ஒதுங்கிவிடுவது நல்லது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே கொண்டுபோகும்போது, நாணயவியல் தொகுப்புகளுக்கு 50,000 யூரோ மதிப்புக்கு மேல் ஏற்றுமதி உரிமம் தேவை. அகழ்வில் கிடைத்தவற்றுக்கு மதிப்பு வரம்பே கிடையாது. நாடுகளின் சொந்த விதிகள் இதற்கு மேல். சந்தேகமான காசை இன்டர்போலின் திருட்டுக் கலைப்பொருள் தரவுத்தளத்தில் கைப்பேசிச் செயலி வழியாகவே யாரும் தேடலாம். நாஜிக் காலத்தில் பறிபோனவற்றுக்கு மக்டபர்க் நகரிலிருந்து நடத்தப்படும் 'லாஸ்ட் ஆர்ட்' தரவுத்தளம் இருக்கிறது.

இந்தியாவிலிருந்து வாங்குபவருக்குப் பெரிய சிக்கல் காசு வந்து சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள், கலைப் புதையல்கள் சட்டம் நூறு ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள காசைத் தொல்பொருள் என்கிறது. இந்தியாவில் செய்த காசு என்று அந்த வரையறை சொல்லவில்லை. தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்ப மத்திய அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் மட்டுமே உரிமை. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத, மூன்றாண்டு வரையான சிறையும் அபராதமும். யோசித்துப் பாருங்கள்: ம்யூனிக்கில் வாங்கிய 1625ஆம் ஆண்டுத் தாலர் கோயம்புத்தூருக்கு வந்து, போலியோ அசலோ என்ற சந்தேகம் எழுந்தால், விற்றவருக்கே திருப்பி அனுப்புவதும், தரச்சான்றுக்கு வெளிநாட்டுக்கு அனுப்புவதும் அஞ்சலகத்தில் முடிகிற காரியம் அல்ல. எனவே சோதனையை அங்கேயே முடித்துவிடுங்கள். ஏலத்தில் எடுத்ததை ஐரோப்பாவிலேயே ஒரு நிபுணரிடம் அனுப்பிப் பார்க்கச் சொல்லி, அறிக்கை வந்த பிறகு இந்தியாவுக்கு வரவழையுங்கள். வந்துவிட்ட பிறகு பிரச்சினை என்றால் இந்தியத் தொல்லியல் துறையின் எழுத்துமூலக் கருத்து இல்லாமல் எதையும் வெளியே அனுப்ப வேண்டாம்.

சுங்கத்தில் 'அன்பளிப்பு' என்றோ பத்து யூரோ என்றோ எழுதச் சொல்லும் நண்பர்களும் இருக்கிறார்கள். பொய்யான அறிவிப்பு பறிமுதலுக்கு வழி. வழியில் தொலைந்தால் காப்பீடும் அந்தப் பத்து யூரோவுக்குத்தான் கிடைக்கும். காப்பீடில்லாத சாதாரண அஞ்சலில் காசு வைக்க அனைத்துலக அஞ்சல் விதிகளே அனுமதிப்பதில்லை. இந்திய வணிகரிடம் வாங்கியிருந்தால் வழி எளிது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம். இணையத்தில் பணம் கட்டி ஏமாந்தால் 1930ஐ உடனே அழைக்க வேண்டும். மறுவிற்பனை வியாபாரத்துக்காக வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் ஆகமாட்டார். தொல்பொருள் வியாபாரம் செய்ய உரிமமும் வேண்டும்.

ஐரோப்பாவில் ஏமாந்துவிட்டதாகத் தோன்றினால், முதல் வேலை எதையும் செய்யாமல் இருப்பது. துலக்க வேண்டாம், உறையைத் திறக்க வேண்டாம், 'ஏமாந்தேன்' என்று ஊரெல்லாம் சொல்லி விற்றவரின் பெயரைக் கெடுக்கவும் வேண்டாம். அவதூறு வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். காசின் எடையோடும் இரு பக்கங்களோடும் விளிம்போடும் படமெடுங்கள். ஜெர்மனியில் வணிகக் கழகம் நியமித்து உறுதிமொழி ஏற்ற நாணய நிபுணர்கள் இருக்கிறார்கள். அவர்களின் அறிக்கைக்கு நீதிமன்றத்தில் எடை உண்டு. பிறகு விற்றவருக்கு நாள் குறித்து எழுத்தில் கடிதம். பெரும்பாலான நல்ல கடைகள் இந்த இடத்திலேயே பணத்தைத் திருப்பிவிடும், பெயர் அவர்களுக்குப் பெரிது. 1951இல் தொடங்கிய பன்னாட்டு நாணய வணிகர் சங்கத்தின் உறுப்பினர்கள் தாங்கள் விற்றவற்றின் அசல்தன்மைக்கு உத்தரவாதம் தருகிறார்கள். ஜெர்மன் நாணய வணிகர் சங்கத்திலும் முறையிடலாம். அட்டையில் கட்டியிருந்தால் வங்கியிடம் பணத்தைத் திரும்பக் கோரும் வழி உண்டு, அதற்கான கெடு குறுகியது.

காலக்கெடுகளை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் குறைபாட்டுப் பொறுப்பு இரண்டு ஆண்டு. பழைய பொருளுக்கு வெளிப்படையான ஒப்புதலோடு ஓராண்டாகக் குறைக்கலாம். ஏமாற்றைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் ஒப்பந்தத்தை எதிர்த்துவிட வேண்டும். ஆஸ்திரியாவில் தவறான எண்ணத்தால் வாங்கியதற்கு மூன்று ஆண்டு, ஏமாற்றுக்கு முப்பது. ஒன்றிய நாடுகளுக்கு இடையிலான 5,000 யூரோ வரையான வழக்குக்கு, டென்மார்க் நீங்கலாக, வழக்கறிஞர் இல்லாமலே படிவம் நிரப்பித் தொடரும் எளிய நடைமுறை உள்ளது. சில நூறு யூரோத் தாலருக்கு இதுவே பொருத்தம்.

பத்திரப்படுத்துவதைப் பற்றி இரண்டே வார்த்தை. புளியும் விபூதியும் பற்பசையும் குத்துவிளக்குக்கும் வெள்ளிக் கிண்ணத்துக்கும், தாலருக்கு அல்ல. நானூறு ஆண்டு நிறத்தைத் துலக்கி எடுத்துவிட்டால் பாதி விலையும் அதோடு போகும். மலிவான நெகிழிப் பைகள் பச்சைப் பிசுக்கை ஒட்டவைக்கும், அமிலமற்ற உறை வாங்குங்கள்.

ஜெர்மனியில் வாங்கிய ஓராண்டுக்குள் விற்று, ஆண்டில் இத்தகைய லாபம் 1,000 யூரோவை எட்டினால் வருமான வரி உண்டு. ஓராண்டு கடந்தால் இல்லை. வாங்கிய தேதியைக் காட்டவும் ரசீதுதான் வேண்டும். ஒவ்வொரு காசின் கீழும் வாங்கிய இடம், தேதி, விலை, பட்டியல் எண் எழுதிய சீட்டை வைத்து, அதன் நகல் ஒன்றை வீட்டாரிடம் கொடுத்துவையுங்கள். அந்தச் சீட்டு இல்லாவிட்டால், உங்களுக்குப் பின் பெட்டியைத் திறக்கும் பிள்ளைகள் நேராகப் பழைய நகை வாங்கும் கடைக்குப் போவார்கள். அங்கே பாரிஸ் லோட்ரோனும் ரூப்பர்ட்டும் 25 கிராம் வெள்ளிக்கு என்ன விலையோ அதுதான் பெறுவார்கள்.